பல தளநிலையங்களுக்கு ஒரே நேரம்

கம்பியில்லா வலைப்பின்னல் ஒன்றின் தளநிலையங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் இரண்டு தனித்தனித் தேவைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் வேலையைத் தொடங்குபவர்கள், ஒன்றுக்கு வேண்டிய கருவியை மற்றொன்றுக்கு வாங்கிப் பணத்தையும் உழைப்பையும் வீணாக்குகின்றனர். தளநிலையம் என்பது கோபுரத்தின் உச்சியிலோ மொட்டைமாடியிலோ நின்று, சுற்றுவட்டார வீடுகளிலும் கடைகளிலும் பொருத்தப்பட்ட சிறு வாங்கிகளோடு வானலை வழியே பேசும் கருவித் தொகுதியாகும். அதற்கு வேண்டிய முதலாவது, நாட்காட்டி நேரம்: இன்று என்ன தேதி, மணி என்ன, எத்தனையாவது நொடி என்பதை அறிந்து பதிவேடுகளில் குறித்து வைப்பதற்கான நேரம். இரண்டாவது, கட்ட ஒத்திசைவு: தேதியும் மணியும் என்னவாக இருந்தாலும், அண்டைத் தளநிலையங்கள் அனுப்பத் தொடங்கும் கணமும் கேட்கத் தொடங்கும் கணமும் ஒன்றாகவே அமைவது. முன்னதற்கு மில்லிநொடி, அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான துல்லியம் தாராளமாகப் போதும். பின்னதற்கு மைக்ரோநொடி, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான துல்லியம் வேண்டும்.

இந்த இயலில் மணப்பாறையை மைய நிலையமாகவும், வையம்பட்டி, மருங்காபுரி, புத்தாநத்தம், துவரங்குறிச்சி ஆகிய ஊர்களைக் கோபுர இடங்களாகவும் கொண்ட ஒரு சிறு இணையச் சேவை வலைப்பின்னல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. குன்றுகளும் மானாவாரி நிலங்களும் இடைகலந்து, குடியிருப்புகள் தள்ளித் தள்ளி அமைந்த இத்தகைய வட்டாரத்தில், ஒவ்வொரு குடியிருப்புக்கும் கண்ணாடி இழையை இழுப்பதைவிடக் கோபுரத்திலிருந்து வானலை வழியே இணைப்புக் கொடுப்பது பல இடங்களில் எளிது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையின் பெரும்பகுதி 2018 அக்டோபரில் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது சிறு சேவையாளர்களுக்கு இவ்வழியை மேலும் அகலமாக்கியது.

நேரத்தின் ஊற்று

இந்திய நியம நேரத்தைப் பேணும் பொறுப்பு புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு உரியது; அங்குள்ள அணுக் கடிகாரங்களே நாட்டின் நேரத்துக்கு ஊற்று. உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கும் இந்நேரம், கிழக்கு 82.5 பாகை நெட்டாங்கை அடிப்படையாகக் கொண்டது. மணப்பாறை ஏறத்தாழ 78.4 பாகையில் இருப்பதால், அவ்வூரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரம் பன்னிரண்டு காட்டியபின் சராசரியாக 16 நிமிடம் கழித்தே நிகழ்கிறது. ஆகவே கடிகாரம் காட்டும் நேரம் ஓர் ஊரின் வெயிலைப் பொறுத்ததன்று. பல ஊர்கள் கூடி ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாடே அது. 1906 ஜனவரி 1 அன்று இந்திய நியம நேரம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு, சென்னை வானாய்வகத்தின் நேரம், அதாவது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் இருந்த நேரம், இந்திய ரயில்வேக்களின் பொது நேரமாக இருந்தது. ஒரே இருப்புப்பாதையைப் பகிர்ந்துகொள்ளும் நிலையங்கள் ஊருக்கொரு நேரம் வைத்துக்கொண்டால் வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று வந்து நிற்கும் என்பதே அதற்குக் காரணம். ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ளும் கோபுரங்களின் நிலையும் அதுவே.

ஊற்றிலிருந்து கோபுரம் வரை நேரத்தைக் கொண்டு சேர்ப்பது என்டிபி எனப்படும் வலைப்பின்னல் நேர நெறிமுறை. பின்னாளில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் மில்ஸ் வகுத்த இந்நெறிமுறை 1985 இல் ஆவணமாக வெளிவந்தது. இன்று புழக்கத்தில் உள்ள நான்காம் பதிப்பு 2010 இல் முறைப்படுத்தப்பட்டது. அணுக் கடிகாரம் அல்லது ஜிபிஎஸ் வாங்கி சுழியப் படிநிலை. அதனோடு நேரடியாக இணைந்த சேவையகம் முதற்படிநிலை. அதனிடம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்வது இரண்டாம் படிநிலை. இப்படியே 15 வரை செல்லும் வரிசையில் 16 என்ற எண் வந்தால் அக்கருவி எதனோடும் ஒத்திசையவில்லை என்று பொருள். வானொலியின் நேர ஒலிக்குச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தி, அதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட தலைமுறைக்கு இந்தப் படிநிலை முறை புதிதன்று.

நான்கு நேரக்குறிகள்

ஒரு கருவி இன்னொன்றிடம் நேரம் கேட்கும்போது, கேள்வி போய் விடை வருவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது; இந்தக் கடந்த நேரத்தைக் கழித்துக் கணக்கிடுவதில்தான் நெறிமுறையின் நுட்பம் உள்ளது. வையம்பட்டிக் கோபுரத்தின் கடிகாரம் சரியாகப் பத்து மணி காட்டும்போது கேள்வி புறப்படுகிறது எனக் கொள்ளலாம். மணப்பாறைச் சேவையகம் அதைத் தன் கடிகாரப்படி பத்து மணி 2.015 நொடிக்குப் பெற்று, 2.016 நொடிக்கு விடையை அனுப்புகிறது. விடை வையம்பட்டியை அடையும்போது அங்குள்ள கடிகாரம் பத்து மணி 0.031 நொடி காட்டுகிறது. போய்வந்த மொத்த நேரமான 31 மில்லிநொடியில் சேவையகம் எடுத்துக்கொண்ட 1 மில்லிநொடியைக் கழித்தால், பாதையில் கழிந்தது 30 மில்லிநொடி. போகும்போது தெரிந்த வேறுபாடு 2.015 நொடி, வரும்போது தெரிந்த வேறுபாடு 1.985 நொடி, இரண்டின் சராசரியான 2.000 நொடியே விலகல். வையம்பட்டிக் கடிகாரம் சரியாக இரண்டு நொடி பின்தங்கியிருக்கிறது என்பது இவ்வாறு தெரியவருகிறது.

இக்கணக்கு ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது: போகும் பாதைக்கும் வரும் பாதைக்கும் ஒரே தாமதம் என்பதே அது. கம்பியில்லா இணைப்பில் இந்த அனுமானம் அடிக்கடி பொய்க்கும். ஏனெனில் தளநிலையத்திலிருந்து வாங்கிக்குச் செல்லும் பொதி உடனே புறப்படலாம், வாங்கியிலிருந்து தளநிலையத்துக்கு வரும் பொதியோ தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். போக 25, வர 5 மில்லிநொடி என்றால் கணக்கில் 10 மில்லிநொடி பிழை ஏறிவிடும். சந்தை கூடி, வந்தவர்கள் அனைவரும் ஒரே கோபுரத்தின் வழியே இணையத்தைப் பயன்படுத்தும் நாளில் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். பிழை, பாதைத் தாமதத்தின் பாதியைத் தாண்டாது என்பது ஆறுதல். ஆகவே தாமதம் குறைந்த பாதையில், தன் வலைப்பின்னலுக்குள்ளேயே, அருகில் ஒரு சேவையகம் வைத்துக்கொள்வதே முதல் பரிகாரம்.

மைய நிலையத்தில் செய்ய வேண்டியவை

மணப்பாறை மைய நிலையத்தில் இரண்டு நேரச் சேவையகங்கள் நிறுவப்பட வேண்டும். கோபுரங்கள் அனைத்தும் அவ்விரண்டிடம் மட்டுமே நேரம் கேட்க வேண்டும். ஒவ்வொரு கோபுரமும் இணையத்தில் ஆளுக்கொரு சேவையகத்தைத் தேடிப் போகும்படி விட்டுவிடுவது எளிதான வழியாகத் தோன்றினாலும், வெளி இணைப்பு அறுந்த நாளில் கோபுரங்கள் திசைக்கொன்றாக விலகத் தொடங்கும். உள்ளூர்ச் சேவையகம் இருந்தால், வெளியுலகத் தொடர்பு போனாலும் கோபுரங்கள் தங்களுக்குள் ஒத்தே இருக்கும். வலைப்பின்னலுக்குள் ஒரு பழுதைத் தேடுபவருக்கு உடனடியாக வேண்டியது அந்த ஒற்றுமைதான்.

அவ்விரண்டு சேவையகங்களும் மேலிருந்து நேரம் பெறுவதற்குத் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சேவையகமும், தேசியத் தகவலியல் மையம் சமய் என்ற பெயரில் நடத்தும் சேவையகங்களும் குறிக்கப்பட வேண்டும். இது விருப்பத்தைப் பொறுத்ததன்று. செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி, இணையச் சேவையாளர்கள் உள்ளிட்டோர் தம் கருவிகளின் கடிகாரங்களை இவ்விரு நிறுவனங்களின் சேவையகங்களோடோ, நேரம் அவற்றிலிருந்தே வருகிறது என்று பின்தொடர்ந்து காட்டக்கூடிய பிற சேவையகங்களோடோ ஒத்திசைத்திருக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் பாதுகாக்கவும் வேண்டும்.

இந்த ஆணையின் நியாயம் ஒரு சிறு வலைப்பின்னலில் மிகத் தெளிவாகத் தெரியும். பொது முகவரிகள் போதாமையால் ஒரே இணைய முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. எந்த நொடியில் எந்த வீடு எந்தப் போர்ட் எண்ணைப் பயன்படுத்தியது என்ற பதிவேடு மட்டுமே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஒரு மோசடி வழக்கில் காவல்துறை முகவரியையும் நேரத்தையும் குறிப்பிட்டுக் கேட்கும்போது, பதிவேட்டின் கடிகாரம் பத்து நொடி பிசகியிருந்தால், அதற்குள் அந்தப் போர்ட் கைமாறி, எதுவும் அறியாத வேறொரு குடும்பத்தின் வாசலுக்கு விசாரணை போய் நிற்கக்கூடும். நேரம் அமைப்பவர் செய்யும் வேலையில் இதைவிடக் கனமான பொறுப்பு வேறில்லை.

மேல்நிலைச் சேவையகங்கள் குறைந்தது நான்கு இருப்பது நல்லது. இரண்டு மட்டும் இருந்து அவை முரண்பட்டால் எது சரி என்று அறிய வழியில்லை. மூன்று இருந்தால் தவறான ஒன்றை மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். நான்கு இருந்தால் ஒன்று செயலிழந்த நிலையிலும் அக்காப்பு தொடரும். மைய நிலையத்தின் மாடியில் ஒரு ஜிபிஎஸ் வாங்கியை நிறுவி அதை இவற்றுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால், வெளி இணைப்பு இல்லாத நேரத்திலும் முதற்படிநிலை நேரம் கையிலேயே இருக்கும். இங்கே ஒரு கவனம் தேவை: புவியின் சுழற்சியோடு பொருந்துவதற்காக உலக நேரத்தில் சேர்க்கப்படும் மிகை நொடியைச் சில சேவையகங்கள் ஒரே கணத்தில் சேர்க்கின்றன, கூகுளின் பொதுச் சேவையகங்களோ அதை ஒரு நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பரப்பிவிடுகின்றன. இவ்விரு வகையையும் ஒரே பட்டியலில் கலக்கலாகாது. கடைசி மிகை நொடி 2016 டிசம்பர் 31 நள்ளிரவில், அதாவது இந்தியாவில் 2017 ஜனவரி 1 அதிகாலை ஐந்தரை மணிக்குச் சற்று முன்பாகச் சேர்க்கப்பட்டது.

நேரப் பொதிகள் யுடிபி வழியில் 123 என்ற போர்ட்டில் பயணம் செய்கின்றன. அப்போர்ட் கோபுரங்களுக்குத் திறந்தும், வெளி இணையத்திலிருந்து வரும் கேள்விகளுக்கு மூடியும் இருக்க வேண்டும். சிறு கேள்விக்குப் பெரிய விடையளிக்கும் பழைய கண்காணிப்புக் கட்டளை ஒன்றைப் பயன்படுத்தி, திறந்துகிடந்த நேரச் சேவையகங்களின் வழியே 2014 பிப்ரவரியில் நடத்தப்பட்ட தாக்குதல் நொடிக்கு ஏறத்தாழ 400 கிகாபிட் அளவை எட்டியது. எதிர்ப்பக்கப் பொறுப்பும் உண்டு: 2003 இல் ஒரு நிறுவனத்தின் வீட்டு ரூட்டர்கள் லட்சக்கணக்கில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சேவையகத்தை இடைவிடாமல் கேட்டு அதைத் திணறடித்தன. வாடிக்கையாளர் வீட்டு வாங்கிகளையும் மணப்பாறைச் சேவையகத்தையே கேட்கும்படி அமைப்பது இவ்விரு கேட்டையும் ஒருங்கே தவிர்க்கும்.

கோபுரங்களில் செய்ய வேண்டியவை

கருவியின் அமைப்புப் பக்கத்தில் என்டிபியை இயக்கி, மணப்பாறையின் இரு சேவையகங்களையும் பெயரால் அல்லாமல் எண் முகவரியால் குறிக்க வேண்டும். அதன் காரணத்தை அறிந்திருப்பது பயன் தரும். பெரும்பாலான சிறு தளநிலையக் கருவிகளில் கடிகாரத்துக்கென்று தனி மின்கலம் கிடையாது. மின்சாரம் போய் வந்ததும் அவை 1970 ஜனவரியில் கண்விழிக்கின்றன. 1970 இல் இருக்கும் கருவிக்கு இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ்கள் யாவும் இன்னும் நடைமுறைக்கு வராதவையாகத் தோன்றும்; அதனால் மறையாக்கப்பட்ட சுரங்கவழி இணைப்பு எழாது; பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை அந்தச் சுரங்கவழிக்குள் இருந்தால் சேவையகத்தின் முகவரியே கிடைக்காது; முகவரி கிடைக்காததால் நேரமும் கிடைக்காது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய இந்த நிலையிலிருந்து மீள, நேரம் கேட்கும் பாதை சான்றிதழையோ பெயர் தேடலையோ சாராததாக இருக்க வேண்டும்.

இன்னொரு பொறி, மென்பொருளின் எச்சரிக்கை உணர்வே. பழைய என்டிபி நிரல் 1000 நொடிக்கு மேற்பட்ட விலகலைக் கண்டால், ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று கருதித் திருத்தாமல் நின்றுவிடும். 1970 இல் விழித்த கருவியின் விலகலோ பல பத்தாண்டுகள். ஆகவே தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் எவ்வளவு பெரிய விலகலையும் ஒரே தாவலில் திருத்த இசைவளிக்கும் அமைப்பை இயக்க வேண்டும். அதன்பின் சிறு விலகல்களைக் கடிகாரத்தின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மெல்லச் சரிசெய்யும்படி விட வேண்டும். லினக்ஸ் கருவிகளில் குரோனி என்ற நிரல் கிடைக்குமானால், விட்டுவிட்டு வரும் இணைப்புகளுக்கு அது மிகப் பொருத்தமானது.

நேர வலயத்தில் நிகழும் தவறே களத்தில் மிகப் பரவலானது. என்டிபி சுமந்து வருவது எப்போதும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுவது கருவியின் வேலை. வலயத்தை அமைக்காமல் கடிகாரத்தைக் கையால் ஐந்தரை மணி முன்னே தள்ளிவைப்பவர், அடுத்த ஒத்திசைவில் கருவி அதைப் பின்னே இழுத்துவிடுவதைக் கண்டு நெறிமுறையையே அணைத்துவிடுவதுண்டு. பட்டியலில் கொல்கத்தாவின் பெயரில் இருக்கும் வலயத்தைத் தேர்ந்து, கோடைகால நேர மாற்றத்தை அணைத்து, எல்லாக் கோபுரங்களிலும் ஒரே முறையைக் கையாள வேண்டும். பதிவேடுகள் உலக நேரத்திலும் இருக்கலாம், இந்திய நேரத்திலும் இருக்கலாம். ஒரு கோபுரம் அப்படியும் மறு கோபுரம் இப்படியும் இருத்தலாகாது.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடிகாரச் சில்லுகளில் உள்ள 32,768 ஹெர்ட்ஸ் படிகம் 25 டிகிரி செல்சியஸில் சரியாக ஓடும்படி வெட்டப்பட்டது. அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் அது மெதுவாகும். கத்திரி வெயிலில் கோபுர அடியிலுள்ள இரும்புப் பெட்டிக்குள் வெப்பம் 65 டிகிரியை எட்டினால், அது நாளுக்கு நான்கைந்து நொடி பின்தங்கும். கேள்வி இடைவெளியை 64 நொடியிலிருந்து 1024 நொடி வரை நெறிமுறை தானே மாற்றிக்கொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில் மேல் வரம்பை 256 நொடியாகக் குறைத்துவைப்பது தக்கது.

கட்ட ஒத்திசைவு

ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பியும் கேட்டும் இயங்கும் முறை டிடிடி எனப்படும். வையம்பட்டிக் கோபுரம் முழு வலுவோடு அனுப்பிக்கொண்டிருக்கும் கணத்தில், மருங்காபுரிக் கோபுரம் தொலைவிலுள்ள ஒரு தோட்டத்து வீட்டின் வாங்கி அனுப்பும் சமிக்ஞையை உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தால், பல கோடியில் ஒரு பங்காகத் தேய்ந்து வரும் அந்தச் சமிக்ஞை அண்டைக் கோபுரத்தின் இரைச்சலில் மூழ்கிப்போகும். எல்லாக் கோபுரங்களும் ஒரே கணத்தில் அனுப்பி ஒரே கணத்தில் கேட்டால் இந்த இடர் நீங்கும்.

தமிழ்நாட்டு ஊர்ப்புறம் இப்பாடத்தை முன்பே கண்டிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற தொழில்நுட்பம், 2001 இல் மதுரை மாவட்டத்து மேலூர் வட்டார ஊர்களுக்கு இணையத்தைக் கொண்டு சென்றது. அதன் அடிப்படையான டெக்ட் முறையில், 10 மில்லிநொடிச் சட்டகம், அதாவது திரும்பத் திரும்ப வரும் நேர அலகு, 24 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, முதற்பாதி அனுப்பவும் மறுபாதி கேட்கவும் ஒதுக்கப்படுகிறது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை தன் சுற்றுவட்டாரக் கண் மையங்களோடு நெடுந்தொலைவு வைஃபை வழியே பேசியபோது, பெர்க்லி ஆய்வாளர்கள் வைஃபையின் வழக்கமான முறையை நீக்கிவிட்டு, நேரத்துண்டு முறையை அதன்மேல் பொருத்தினர். யார் எப்போது பேசுவது என்பது வரையறுக்கப்பட்ட பிறகே தொலைவு இணைப்புகள் காணொளி வழியே கண்ணைப் பரிசோதிக்கும் அளவுக்கு நிலைப்பட்டன.

இவ்வேலைக்கு என்டிபி உதவாது. கைப்பேசி வலைப்பின்னல்களின் டிடிடி தரநிலை, இரு அண்டைத் தளநிலையங்களுக்கு இடையே 3 மைக்ரோநொடிக்குள், அதாவது பொது நேரத்திலிருந்து இருபுறமும் 1.5 மைக்ரோநொடிக்குள் இருக்கும்படி கேட்கிறது. இந்த அளவின் நுண்மையை உணர ஓர் ஒப்பீடு: வானலை ஒரு கிலோமீட்டரைக் கடக்க 3.3 மைக்ரோநொடி எடுக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து மணப்பாறைக்கு நேர்கோட்டில் உள்ள 40 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 133 மைக்ரோநொடி. உரிமமற்ற அலைக்கற்றையில் இயங்கும் நிலைவானலைக் கருவிகளுக்குத் தளர்வு சற்று அதிகம் என்றாலும், மில்லிநொடி அங்கும் பயன்படாது.

வழிகள் இரண்டு. ஒவ்வொரு கோபுரத்திலும் செயற்கைக்கோள் வாங்கியை வைத்து, அது நொடிக்கொரு முறை தரும் துடிப்பைக் கொண்டு சட்டகத்தைத் தொடங்குவது முதல் வழி. சிறு வலைப்பின்னலுக்கு இதுவே உகந்தது. ஆண்டெனா வானத்தை மறைவின்றிப் பார்க்க வேண்டும். 30 மீட்டர் கம்பிவடம் 150 நானோநொடியை, அதாவது 1.5 மைக்ரோநொடி வரம்பில் பத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பதால் அந்நீளத்தை அமைப்பில் குறிக்க வேண்டும். ஜிபிஎஸ்ஸோடு இந்தியாவின் நாவிக் போன்ற பிற செயற்கைக்கோள் தொகுதிகளையும் ஏற்கும் வாங்கியைத் தேர்வது காப்பு. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட நாவிக் தொகுதியின் என்விஎஸ்-01 செயற்கைக்கோள், இந்தியாவிலேயே உருவான ருபிடியம் அணுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. இரண்டாவது வழி, ஐ.இ.இ.இ. 1588 என்ற எண்ணால் அறியப்படும் துல்லிய நேர நெறிமுறையைக் கண்ணாடி இழை வழியே அனுப்புவது. பொதி புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் வன்பொருளிலேயே குறிப்பதால் அது துல்லியம் பெறுகிறது. ஆனால் வழியிலுள்ள ஒவ்வொரு சுவிட்சும் அந்நெறிமுறையை அறிந்திருக்க வேண்டும். இடையில் ஒரு சாதாரண சுவிட்ச் நுழைந்தாலும் முழு முயற்சியும் கெடும்.

துடிப்பு மட்டும் ஒத்திருப்பது போதாது. சட்டகத்தின் நீளமும், அனுப்புவதற்கும் கேட்பதற்கும் இடையிலான விகிதமும், மிகத் தொலைவிலுள்ள வாங்கிக்காக ஒதுக்கும் இடைவெளியும் எல்லாக் கோபுரங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். துவரங்குறிச்சியில் பதிவேற்றம் அதிகம் என்பதற்காக அங்கு மட்டும் விகிதத்தை மாற்றினால், அதன் விளைவு புத்தாநத்தத்தில் இரைச்சலாக வெளிப்படும்.

செயற்கைக்கோள் தொடர்பு அறுந்தால் கருவி தன் படிகத்தை நம்பிச் சிறிது நேரம் ஓடும். நூறு கோடியில் ஒரு பங்கு பிழையுள்ள உயர்தர அலையியற்றி 1.5 மைக்ரோநொடி விலக 25 நிமிடம் ஆகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையுள்ளதோ ஒன்றரை நொடியிலேயே எல்லையைத் தாண்டிவிடும். அந்நிலையில் அனுப்புவதை நிறுத்தும்படி அமைப்பதா, தொடரவிடுவதா என்று கருவி கேட்கும். அண்டைக் கோபுரங்கள் அதே அலைவரிசையில் இருந்தால் நிறுத்துவதே சரி. ஒரு கோபுரத்தின் வாடிக்கையாளர்கள் சிறிது நேரம் காத்திருப்பது, நான்கு கோபுரங்களின் வாடிக்கையாளர்களும் காரணம் தெரியாமல் அவதிப்படுவதைவிட மேல்.

சரிபார்ப்பு

அமைத்து முடித்தபின், ஒவ்வொரு கோபுரத்திலும் படிநிலை, விலகல், எட்டும் எண் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். எட்டும் எண் என்பது கடைசி எட்டுக் கேள்விகளில் எவற்றுக்கு விடை வந்தது என்பதை எட்டடிமான எண்ணாகக் காட்டுவது: 377 என்றால் எட்டுக்கும் வந்துள்ளது, 376 என்றால் மிக அண்மைய கேள்விக்கு வரவில்லை, 0 என்றால் ஃபயர்வாலில் 123 மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 64 நொடி இடைவெளியில் 377 ஐ எட்ட எட்டரை நிமிடம் ஆகும் என்பதால், அதற்கு முன்பே அமைப்பைக் கலைத்து மீண்டும் தொடங்குவது வீண்வேலை.

பின்னர் ஒரு கோபுரத்தின் மின்சாரத்தையும் பேட்டரியையும் வேண்டுமென்றே துண்டித்து, மீண்டும் கொடுத்து, அது 1970 இலிருந்து இன்றைக்கு எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று குறிக்க வேண்டும். அடுத்து, மைய நிலையத்தின் வெளி இணைப்பை ஒரு மணி நேரம் துண்டித்து, நான்கு கோபுரங்களின் விலகலையும் ஒப்பிட வேண்டும். இவ்விரு சோதனைகளையும் கோடை மழை இடி தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

கருவி வாங்கும்போது தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டிய உறுதிமொழி ஒன்று உண்டு. என்டிபி, 1900 இலிருந்து நொடிகளை 32 பிட்டுகளில் எண்ணி வருகிறது. அந்த எண்ணி 2036 பிப்ரவரி 7 அன்று இந்திய நேரம் முற்பகல் 11 மணி 58 நிமிடம் 16 நொடிக்கு நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். ஜிபிஎஸ்ஸின் வார எண்ணியும் 1999 இலும் 2019 இலும் திரும்பியது போலவே 2038 நவம்பரில் மீண்டும் திரும்பும். இன்று கோபுரத்தில் ஏற்றப்படும் கருவிகளில் சில அன்றும் அங்கேயே இயங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், அவற்றின் மென்பொருள் இவ்விரு நாட்களையும் கையாளும் என்ற உறுதியும், அதுவரை புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உறுதியும் கொள்முதல் ஆவணத்தில் இடம்பெற வேண்டும்.